எலுமிச்சம்பழமும் பழைய மோட்டாரும்

தோட்டப்புறத்தில் வாழும் ஒருவர்க்கு மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருள் அன்று என்பதைப் பட்டணத்து நேயர்கள் முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். பட்டணத்தில் வண்டி இல்லாதவன் பஸ்ஸில் ஏறுவான், ரயிலில் ஏறுவான், கைத்தொலைபேசியைத் தட்டி வாடகை வண்டியை வாசலுக்கே வரவழைத்துக்கொள்வான். ஆறு கட்டை தூரம் செம்மண் பாதையில் உள்ளே தள்ளியிருக்கும் செம்பனைத் தோட்டத்து லயத்துக்கு அவ்வண்டி வருவதில்லை. வந்தாலும் அது கேட்கும் கூலி ஒரு நாட் சம்பளத்திற் பாதியை விழுங்கிவிடும். பிள்ளை படிக்கவும், நோயாளி மருந்துண்ணவும், வீட்டில் அரிசி பருப்பு இருக்கவும் வண்டி வேண்டும். புதிய வண்டியின் விலையோ தொழிலாளிக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றது. எஞ்சியிருப்பது பிறர் ஓட்டிக் கழித்த பழைய வண்டி ஒன்றே.

நான் ஒரு தோட்டக் கிராணி. செக்ரோல் எழுதுவதும், குலைக்கணக்குப் பார்ப்பதும், உரமூட்டைகளுக்குக் கணக்குக் காட்டுவதும் என் தொழில். ஆனால் ஆங்கிலம் படித்தவன் என்னும் பெயர் ஒன்று இருப்பதனால், மாலை ஐந்து மணிக்குமேல் எனக்கு இரண்டாவது உத்தியோகம் ஒன்றுண்டு. அது பிறருடைய காகிதங்களைப் படித்துப் பொருள் சொல்வது. பள்ளிக்கூடக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வங்கி நோட்டீசு என்று வந்துகொண்டிருந்தவற்றோடு இச்சில வருஷங்களாகப் பழைய மோட்டார் வாங்கிய ரசீதுகளும் சேர்ந்துகொண்டன. அந்த ரசீதைக் கொண்டுவருபவர் எவரும் வண்டி நன்றாக ஓடுகின்றது என்று சொல்வதற்காக வருவதில்லை.

அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துரைப்பேன். அவர் குலை வெட்டும் தொழிலாளர், வயது நாற்பத்தைந்திருக்கும், பெயர் இங்கு வேண்டுவதில்லை. அவருடைய தாயாருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், தெலுக் இந்தான் பட்டணத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டுதான் அம்மையார் உயிர் வாழ்கின்றார். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். அடுத்த முறையும் தவறினால் மூச்சு முட்டும். பக்கத்து லயத்து வேன்காரருக்கு நடைக்கு இவ்வளவென்று கொடுத்துச் சலித்துப்போன மகன், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, கையிலிருந்ததையும் கூட்டி, 9,800 ரிங்கிட்டுக்குப் பழைய வண்டிக் கடையொன்றில் புரோட்டான் வீரா ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கினார். “இஞ்சின், கியர் எல்லாம் முதல் தரம், ஒரு வருஷத்துக்குப் பட்டறைப் பக்கம் போக வேண்டாம்” என்று கடைக்காரர் கைத்தொலைபேசியிற் செய்தியும் அனுப்பியிருந்தார்.

வண்டி லயத்துக்கு வந்த அன்று அதற்கு மஞ்சளும் குங்குமமும் பூசினார்கள். நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பதினோராம் நாள் நண்பகலில், சிகிச்சை முடிந்து தளர்ந்திருந்த தாயாரை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், கியர் பெட்டி ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. அம்மூதாட்டி சாலையோரத்து மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தபோது பற்சக்கரங்கள் தேய்ந்து கிடந்தன; தேய்ந்த சத்தம் வெளியே கேளாதிருக்கும்பொருட்டு மிகக் கெட்டியான எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. செலவு 2,400 ரிங்கிட் ஆகும் என்றார்.

கடைக்காரரிடம் போனதற்கு, “பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், ரசீதைப் படித்துப் பார்” என்ற மறுமொழி கிடைத்தது. ரசீதின் அடியில், மலாயிலும் ஆங்கிலத்திலும், ‘உள்ளது உள்ளபடியே விற்கப்பட்டது, பிற்பாடு எவ்விதப் பொறுப்பும் இல்லை’ என்று ரப்பர் முத்திரை குத்தி, அதன்மேல் இவருடைய கையெழுத்தையும் வாங்கியிருந்தார்கள்.

“கிராணி ஐயா, கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி என்ன செய்வது? எங்கள் நேரம் சரியில்லை” என்றார் அவர்.

“அண்ணே, பல் தேய்ந்தது கியர் பெட்டிக்கு. நேரம் அதில் எங்கே வந்து புகுந்தது?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. லயத்திற் பெரியவர்கள் அதற்குள் காரணம் கண்டுபிடித்திருந்தனர். சனிக்கிழமையில் வண்டி எடுத்தது ஒரு குற்றமாம். நான்கு எலுமிச்சம்பழத்தில் ஒன்று நசுங்காமல் உருண்டோடிவிட்டது மற்றொரு குற்றமாம். கெட்ட கியர் பெட்டியைக் கெட்டதென்று அறிந்தே விற்ற மனிதனின் பெயர் மட்டும் அக்குற்றப் பட்டியலில் இல்லை! இதனைத்தான் நான் பல வருஷங்களாகப் பார்த்து வருகின்றேன். நம்மவர்க்கு நேரும் நஷ்டத்துக்கு உரியவன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். நாமோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. அமெரிக்க தேசத்தில், வெளியிற் பளபளத்து உள்ளே கெட்டுப்போன மோட்டாருக்கு ‘எலுமிச்சம்பழம்’ என்றே பெயர். நாம் சக்கரத்தின் கீழே வைப்பதை அவர்கள் சக்கரத்தின் மேலேயே காண்கின்றனர். ஜார்ஜ் அக்கர்லாப் என்னும் பொருளாதார அறிஞர் 1970ஆம் ஆண்டில் இந்த எலுமிச்சம்பழச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். 2001ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார். அவர் வாதத்தைச் சுருக்கிச் சொல்லின் இதுவே: வண்டியின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. நல்லது எது, கெட்டது எது என்று அறியமாட்டாத வாங்குபவன் இரண்டுக்கும் நடுத்தரமான ஒரு விலையையே கொடுக்கத் துணிவான். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவனுக்குக் கட்டுபடியாகாது. அவன் சந்தையை விட்டு விலகுவான். கெட்ட வண்டிக்காரனுக்கோ அது கொள்ளை லாபம். இவ்வாறே நல்லவை ஒவ்வொன்றாய் வெளியேற, சந்தையில் எலுமிச்சம்பழங்களே குவியும். ஆகவே, வாங்குபவனைக் காக்கும் சட்டம் நேர்மையான வியாபாரியையும் சேர்த்தே காக்கின்றது. இதை வியாபார நண்பர்கள் உணர்வார்களாயின் சட்டத்தின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

நிற்க. அந்த ரப்பர் முத்திரைக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று பார்ப்போம்.

‘வாங்குபவனே விழித்திரு’ என்பது ஆங்கிலேயரிடமிருந்து நமக்கு வந்த பழைய சட்டக் கொள்கை. இந்நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் சில விலக்குகளோடு அக்கொள்கையின்மீதே நிற்பது. வாங்குபவனும் விற்பவனும் சம பலமுள்ளவர்களாயிருந்தால் அது நியாயமே. பற்சக்கரத்தைக் கண்ணாற் கண்டிராத குலை வெட்டுபவரும், நாள்தோறும் பத்து வண்டி கைமாற்றும் கடைக்காரரும் சம பலமுள்ளவர்களா? 1999ஆம் ஆண்டில் மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சொந்தத்துக்கும் குடும்பத்துக்கும் வாங்கும் பொருள்களை அது காக்கின்றது. வாகனங்கள் அப்பொருள்களுள் அடங்கும் என்று சட்டமே வாய்விட்டுச் சொல்லுகின்றது. பொருள் பழையதாயிருப்பதனால் மட்டும் அச்சட்டத்தின் காவல் நீங்கிவிடுவதில்லை.

அதன் 32ஆம் பிரிவின்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாயிருக்கும் என்பது, வாயாற் சொல்லப்படாவிடினும், எழுதப்படாவிடினும், விற்பனையோடு ஒட்டிவரும் உறுதி. ஏற்கத்தக்க தரம் என்றால் என்ன? அவ்வகைப் பொருள் எதற்குப் பயன்படுமோ அதற்குப் பயன்பட வேண்டும், ஆபத்தில்லாததாயிருக்க வேண்டும், தக்க காலம் உழைக்க வேண்டும். ஒளிந்திருக்கும் பழுதுகள் யாவற்றையும் முன்னமே அறிந்த நிதானமுள்ள ஒருவன், கொடுத்த விலையையும், விற்பவன் சொன்ன சொல்லையும், பொருளின் தன்மையையும் சீர்தூக்கி, ‘சரி, இதை ஏற்கலாம்’ என்று சொல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இவ்வுறுதிகளை எழுத்தினாலோ முத்திரையினாலோ தள்ளிவிட முடியாது என்பது 6ஆம் பிரிவு. ஆதலின் கடைக்காரர் குத்திய முத்திரை மையை வீணாக்கியதேயன்றி வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த முத்திரையை நம்பித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கும்போதுதான் நெஞ்சு வேகின்றது. சட்டத்தில் அதற்கு உயிரில்லாவிடினும் ஏழையின் மனத்தில் அது உயிரோடுதான் இருக்கின்றது.

வியாபாரிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் ஓடிய வண்டியை வாங்கிவிட்டுச் சாயம் மங்கிவிட்டது, டயர் தேய்ந்துவிட்டது, கதவு கிறீச்சிடுகின்றது என்று வழக்காடுவது முறையன்று. விலையும் வயதும் கணக்கிற் சேர்பவை. மேலும், ‘இந்த வண்டியின் கியர் பெட்டி போய்விடும் நிலையில் இருக்கின்றது’ என்று குறிப்பாகச் சொல்லிவிட்டு அவர் விற்றிருந்தால், அந்தப் பழுதைக் காட்டிப் பின்னர் குறை கூற இயலாது. கெட்டதைக் கெட்டதென்று சொல்லி மலிவாக விற்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. கெட்டி எண்ணெய் ஊற்றி விற்பதற்கே நிற்கின்றது.

பழுது வெளிப்பட்டால் வாங்கியவர் செய்யத்தக்கது யாது? சரிசெய்யக்கூடிய பழுதாயின் முதலில் விற்றவரையே சரிசெய்யும்படி கேட்டல் வேண்டும். தக்க காலத்துள் அவர் செய்யாவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, வேறிடத்திற் பழுது பார்த்து அச்செலவை அவரிடமே கோரலாம். அல்லது வண்டியைத் திருப்பிவிடலாம். பழுது சிறிதன்றி, முன்னமே தெரிந்திருந்தால் நிதானமுள்ள எவனும் வாங்கியிருக்கமாட்டான் என்னும் அளவுக்குப் பெரிதாயிருப்பினும், சரிசெய்யவே முடியாததாயிருப்பினும் வண்டியைத் திருப்பிப் பணம் கேட்கலாம். ஆனால் திருப்பும் உரிமை தக்க காலத்துள் பயன்படுத்தப்பட வேண்டியது. பழுதான வண்டியை எட்டு மாதம் ஓட்டிவிட்டுத் திருப்புவேன் என்றாலும், மற்றொருவர்க்கு விற்றுவிட்டு வந்து நின்றாலும், அவ்வுரிமை போய்விடும். பழுது கண்ட அன்றே எழுத்தில் அறிவிப்பதே நலம். வாயாற் சொன்னது காற்றோடு போகும்.

அடுத்து, யாரிடம் வாங்கினோம் என்பது பெரிய கேள்வி. மேற்சொன்ன சட்டம் விற்பதையே தொழிலாக உடையவரைத்தான் கட்டும். அடுத்த தோட்டத்து மண்டோர் தம் சொந்த வண்டியை உங்களுக்கு விற்றால் அச்சட்டமும் அதன் மன்றமும் உதவிக்கு வாரா. அவர் பொய் சொல்லி ஏமாற்றி விற்றிருந்தால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைக் கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். அது நீண்ட வழி. இதை அறிந்துதான் சில தரகர்கள் கடையையே மறைத்து, ‘என் மைத்துனன் வண்டி, அவசரத்துக்கு விற்கின்றான்’ என்று காப்பிக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கின்றனர். ஆகவே ரசீதில் எவர் பெயர், எந்தக் கடை முத்திரை, எவர் கையிற் பணம் போயிற்று என்பவற்றைப் பத்திரப்படுத்தல் வேண்டும். கடை முத்திரையோடு ரசீது தர மறுப்பவரிடம் விலை எவ்வளவு மலிவாயிருப்பினும் நான் வாங்கமாட்டேன்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது வேறொரு கைங்கரியம். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிழட்டு வண்டி ஒரு மாலைப்பொழுதில் எண்பதாயிரத்துக்கு இளமை பெற்றுவிடும். சித்தர்களுக்கும் கைகூடாத காயகற்பம்! பொருளின் பூர்வ சரித்திரத்தைப் பற்றிப் பொய்யான விவரம் கொடுத்து விற்பது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம்; உள்நாட்டு வாணிப இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உலவுகின்றது. ‘சோதனையிற் பாசாகிய வண்டி’ என்று கடைக்காரர் அதையே நற்சாட்சிப் பத்திரமாக நீட்டுவார். அச்சோதனை இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்துகின்றனவா, வண்டி சாலையில் ஓடத் தகுந்ததா என்று பார்ப்பது. எவரும் அங்கே கியர் பெட்டியைக் கழற்றிப் பற்களை எண்ணுவதில்லை. பணம் கொடுக்குமுன் நமக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துச் சென்று பார்ப்பதே உண்மையான சோதனை. அதற்குக் கடைக்காரர் இடங்கொடாவிட்டால் அதுவே பாதிப் பதில்.

தவணைக் கொள்முதலில் வாங்கியவர்க்கு ஓர் எச்சரிக்கை. கோபத்தில் மாதத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். தவணைக் கொள்முதலில் வண்டிக்கு உடைமைக்காரர் வங்கி அல்லது நிதிக் கம்பெனியே. தவணை தவறினால் பழுதான வண்டியும் போய், கொடுத்த பணமும் போய், கடனும் நிற்கும். 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டத்தில் பழைய வண்டியின் தரத்தைப் பற்றிய உறுதியை எழுத்தினால் நீக்கிக்கொள்ளச் சில இடங்களில் வழியுமுண்டு. ஆகையால் தவணையைக் கட்டிக்கொண்டே, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு விஷயம் தெரிந்தவரிடம் ஆலோசனை கேட்டல் வேண்டும்.

சிங்கப்பூர் நேயர்களின் நிலை இவ்விஷயத்திற் சற்று மேல். அங்கே 2012 செப்டம்பர் முதல் தேதி தொட்டு, பேச்சுவழக்கில் ‘எலுமிச்சைச் சட்டம்’ என்றே வழங்கும் விதிகள் நடப்பில் உள்ளன. பழைய மோட்டார்களும் அவற்றுள் அடங்கும். வண்டி கைக்கு வந்த ஆறு மாதத்துள் பழுது தோன்றினால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் கொள்ளும். இல்லையென்று நிரூபிக்கும் பாரம் விற்றவர்மேல். முதலிற் பழுதுபார்ப்பு அல்லது மாற்று வண்டி. அது ஆகாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்பல். சிறு வழக்கு மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஆறு மாதக் கணக்கு இல்லை. விற்கும்போதே பழுது இருந்தது என்பதை வாங்கியவரே காட்ட வேண்டியிருப்பதனால்தான் தேதியும் காகிதமும் இங்கே இத்தனை முக்கியமாகின்றன.

இனி அந்தக் குலை வெட்டும் தொழிலாளரின் விஷயம். கழற்றிய பற்சக்கரங்களை எறிந்துவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னிற் போட்டு வைக்கச் சொன்னேன். பட்டறைக்காரரிடம் பழுதின் விவரத்தையும், கெட்டி எண்ணெய் இருந்ததையும், தேதியையும் எழுதி வாங்கினோம். கடைக்காரருக்கு ஏழு நாள் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலிற் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அதன்பின் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குரிய படிவத்தைப் பூர்த்தி செய்தோம்.

இம்மன்றத்தைப் பற்றி நம்மவர் அறிந்திருப்பது மிகச் சொற்பம். கட்டணம் 5 ரிங்கிட். ஒரு கோழி வாங்கவும் போதாத பணம். வழக்குரைஞர் அங்கே வரக்கூடாது. கடைக்காரர் எவ்வளவு பெரியவராயினும் தம் வாயாலேயே பேச வேண்டும். 50,000 ரிங்கிட் வரையுள்ள கோரிக்கையை மன்றம் ஏற்கும். கோருவதற்குரிய காரணம் பிறந்த மூன்று வருஷத்துள் மனுச் செய்ய வேண்டும். இப்போது இணைய வழியாகவும் மனுச் செய்யலாம். மன்றம் இட்ட உத்தரவை 14 நாளுள் நிறைவேற்றாதவர் மேல் குற்ற வழக்கே தொடரலாம் என்பது இதன் பல்.

படிவத்தை வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் பேனாவை எடுக்கவில்லை. “பெரிய இடத்தோடு வழக்கு வேண்டுமா ஐயா? நாளைக்கு அந்தக் கடைக்காரர் நம்மை என்ன நினைப்பார்?” என்றார். ஏமாற்றியவன் தன்னைப் பற்றி என்ன நினைப்பானோ என்று ஏமாந்தவர் கவலைப்படுகின்றார்! தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் வாசலிற் கைகட்டி நின்ற பழக்கம் அவ்வளவு எளிதிற் போய்விடுமா? அவரைக் கையெழுத்திடச் செய்தது என் வாதம் அன்று. உள்ளேயிருந்து அவருடைய மகள், பதினாறு வயதுப் பெண், வெளியே வந்து, “அப்பா, பாட்டியை ரோட்டில் உட்கார வைத்தது யார்?” என்று ஒரு கேள்வி கேட்டாள். எழுதிவிட்டார்.

விசாரணைக்கு ஒரு நாட் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார். நானும் லீவெடுத்துக்கொண்டு துணைக்குச் சென்றேன். ஆனால் பேசியவர் அவரே, தமக்குத் தெரிந்த மலாயில். கடையிலிருந்து மானேஜர் ஒருவர் வந்து முத்திரையைக் காட்டினார். மன்றத் தலைவர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசிச் செய்தியைக் கேட்டு வாங்கிப் படித்தார். பின்பு பிஸ்கட் டின்னைத் திறக்கச் சொன்னார். பழுது பார்த்த செலவு 2,400 ரிங்கிட்டும், வண்டியை இழுத்துவந்த கூலி 180 ரிங்கிட்டும் 14 நாளுள் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. சங்கிலியை மீட்க அது போதவில்லை; பட்டறைக் கடனைத் தீர்க்கப் போதியது. வண்டி இப்பொழுது வாரம் மூன்று நாள் தெலுக் இந்தானுக்குப் போய் வருகின்றது.

வண்டி பட்டறையிற் கிடந்த ஐந்து வாரமும் அம்மையார் வேனில்தான் போய் வந்தார். வேன்காரர் ரசீது கொடுக்கும் வழக்கமில்லாதவர். ஆதலின் அந்தப் பதினைந்து நடைக்கான கூலியை மனுவிற் சேர்க்க வழியில்லாமற் போயிற்று.